அப்பாவின் மேட்டில் சிவப்பு லில்லி

திருகோணமலை,
நவம்பர் 6

அன்புள்ள கிறிஸ்டின் அக்காவுக்கு,

தம்பி மேர்வின் எழுதுவது. நாங்கள் சுகம். கனடாவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழத் தொடங்குவீர்கள், அதனால் கடிதம்.

தை மாதம் நீங்கள் வருவதற்குள் அப்பாவின் கல்லறைக்குக் கல் பதிக்கச் சொன்னீர்கள். பதிக்கலாம். அப்பா எந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை.

அடக்கம் செய்தபோது மரச்சிலுவை போதும், அடையாளத்துக்கு வீட்டு முற்றத்துச் சிவப்பு லில்லிக் கிழங்கை நட்டுவிடு என்றவர் நீங்கள். நட்டேன். சிலுவையைக் கறையான் தின்றது. லில்லியை ஒன்றும் தின்னவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து யாரோ அழகுக்குக் கொண்டுவந்த பூண்டாம். வந்த நாட்டில் ஊன்றிக்கொண்டு, ஊரில் பிறந்தவர்களைவிடச் செழிப்பாக இருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை.

இந்த முறை ஆத்துமாக்கள் திருநாளுக்கு, லில்லி பூத்திருந்த மேட்டில் புல்லைச் செருக்கி, மணல் பரப்பி, மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளிப்பித்து, கொஞ்சம் அழுதும் முடித்து நிமிர்ந்தால், பின்னால் பற்றிக் மாஸ்டரின் மகள் மெலனி.

"மேர்வின் அண்ணை, எங்கட அப்பா உயிரோட இருக்கேக்க உங்கட வீட்டில ஒருத்தரும் அவரின்ர முகம் பாக்கேல்லை. இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

"இது எங்கட அப்பா. லில்லி நட்டதே நான்தான்."

"தலையைத் திருப்பி அங்கால பாருங்கோ."

பார்த்தேன். மதில் வரைக்கும் சிவப்பு. மதிலுக்கு அங்கால், துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையிலும் சிவப்பு. எல்லா மேட்டிலும் ஒரே பூ.

கோயில் திருநாளுக்குக் கொடி ஏற்றுவது யார் என்ற தகராறில் அப்பா சாகும்வரை கதைக்காத மனிதர் பற்றிக் மாஸ்டர். அவருக்குத்தான் நான் அழுதேனோ தெரியாது. "ஆத்துமாக்களுக்குள்ள பேதமில்லை, மகன்" என்றார் பாதர். அவருக்கென்ன, அவர் மன்னார்க்காரர், எங்கள் கொடிச் சண்டை அவருக்குத் தெரியாது.

"இந்த மேட்டிலயும் பக்கத்து மேட்டிலயும் ஒண்டு உங்கட அப்பா, மற்றது எங்கட அப்பா. அது மட்டும் நிச்சயம்," என்றாள் மெலனி. "ரெண்டுக்கும் நடுவில ஒரே கல்லாப் போடுவம். இனியாவது கதைக்கட்டும்."

ஏலாது என்றுவிட்டேன். அப்பாவைப் போல மானமுள்ளவர் அந்த ஆளோடு ஒரு கல்லைப் பகிர்வதைவிடப் பெயரில்லாமல் கிடக்கலாம். ஆகவே கல் இல்லை. இது என் முடிவு, இனி மாறாது.

அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். மாதா உங்கள் எல்லோரையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

தம்பி,
மேர்வின்

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல் மெலனி கல் வெட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே கல்லுக்குச் சம்மதித்துவிட்டேன். யாருடைய பெயர் மேலே வருவது என்பதில் நானும் அவளும் இப்போது கதைப்பதில்லை.