அளவுக்கு நின்றவர்

முதலாளியின் கண்ணெதிரே பேண்ட் கழன்று விழுந்தபோது மீடியம் என்று எல்லோரும் கூப்பிடும் மனிதர் ஸ்டூலின் மேல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். சாம்பிள் தைத்து முடித்ததும் அதை அவருக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்க வேண்டும், குனிய வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும். அது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். அன்றைக்குக் கையைத் தூக்கியதோடு சரி. மற்ற இரண்டுக்கும் பேண்ட் காத்திருக்கவில்லை.

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெண்கள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்புவதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், இது யாரோட இடுப்புக்கு வெட்டினது?" என்றார் முதலாளி.

"இவரோட இடுப்புக்குத்தாங்க."

"அப்ப இவரு யாரு?"

கட்டிங் மாஸ்டரிடம் பதில் இல்லை. மீடியத்திடம் இருந்தது. ஆனால் ஸ்டூலில் ஏறியபின் அவர் வாய் திறக்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். பேசினால் மார்பு ஏறி இறங்கும், அளவு தப்பிவிடும். எனவே பேண்ட் காலடியில் கிடக்க, கைகள் மேலே இருக்க, அவர் சட்டத்தை மதித்து நின்றார்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் மீடியம். கணக்கர் வேலை கேட்டு வந்தவரை வராந்தாவில் பார்த்த மாஸ்டர், வீடு வாங்க வந்தவர் தூணைத் தட்டிப் பார்ப்பது மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் ஓடிப்போய், மொத்த ஜனத்தையும் கூட்டிக் கழித்து வகுத்தால் மிச்சம் இந்த ஆள்தான் வருவார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கணக்கு எழுதும் நேரம் போக மற்ற நேரத்தில் அவர் ஸ்டூலில் நின்றார். நடு அளவுச் சட்டையும் பேண்ட்டும் அவர் உடம்பில் வைத்துத்தான் முடிவாகும். அதைக் கொஞ்சம் கூட்டினால் பெரிய அளவு, கொஞ்சம் குறைத்தால் சின்ன அளவு. மற்ற இடங்களில் அளவை அட்டையில் வெட்டி வைத்திருப்பார்கள். மாஸ்டருக்கு அட்டை என்றாலே இளக்காரம். உயிரோடு ஒரு அளவு எதிரே நடமாடும்போது அட்டை எதற்கு என்பார். ஆக, இருநூறு பேருடைய பிழைப்பு மீடியத்தின் தொப்பையில் சாய்ந்திருந்தது.

வேறு யாராவது என்றால் பெருமைப்பட்டிருப்பார்கள். இவருக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. சாதாரண மனிதன் என்று மற்றவர்களைப் பேச்சுக்குச் சொல்வார்கள். இவரை மட்டும் டேப் வைத்து அளந்து சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மனைவி ஒரு தடவை அவரைக் கூட்டிப்போக தொழிற்சாலை வாசலுக்கு வந்து, பக்கத்தில் அவர் நிற்பது தெரியாமல் அரை மணி நேரம் அவருக்காகவே காத்திருந்தாள். அவரும் அவள் கோபமாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று பேசாமல் நின்றுவிட்டார்.

பேண்ட் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மீடியம் மனதைத் தேற்றிக்கொண்டு முதலாளியிடம் போய் அந்த இடத்தைக் கேட்டார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சூப்பர்வைசர்னா பார்த்ததும் ஒரு இது வரணும்யா. உன்னைப் பார்த்தா, பார்த்த மாதிரியே இல்லையே."

ஆனாலும் வருஷக் கடைசி வரைக்கும் யோசிக்கிறேன் என்றார். மீடியத்தின் மீதி வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வார்த்தையில் தொங்க ஆரம்பித்தது. அது இல்லையென்றால் ஸ்டூல்தான். கால் ஓயும் வரை ஸ்டூல்.

வழி காட்டியவன் மச்சினன். மனிதன் தன்னைத் தானே எப்படி வளர்த்துக்கொள்வது என்று ஊரில் எங்கே கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் அவன் இருப்பான். நிலையான வேலை எதுவும் இல்லாததால் வளர்வதற்கு அவனுக்கு நிறைய நேரம் இருந்தது.

"மாமா, உங்க வண்டிக்கு நீங்கதான் டிரைவர். இத்தனை வருஷமா பின்சீட்ல படுத்துத் தூங்கியிருக்கீங்க. எழுந்து முன்னாடி வாங்க."

மீடியம் முன்னாடி வந்தார். விடியற்காலையில் நடந்தார். சர்க்கரையை விட்டார். முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தார். நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று கண்ணாடியிடம் தினமும் சொன்னார். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. வளர்ச்சி என்பது மனசுக்குள்ளேதான் நடக்கும், வெளியே தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் யாரோ கூப்பிட்டது போல தொப்பை சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விட்டது. அப்படித்தான் பேண்ட் விழுந்தது.

மாஸ்டர் சந்தேகப்பட்டது டேப்பைத்தான். பழைய டேப் இழுபட்டுவிட்டது என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, புது டேப் வாங்கி வந்து, மீடியத்தின் இப்போதைய இடுப்புக்குக் கச்சிதமாக இன்னொரு சாம்பிள் வெட்டினார். பெரிய கடை ஒன்றின் ஆர்டர் காத்திருந்தது. ஆயிரக்கணக்கில் துணி வெட்ட வேண்டும். சாம்பிளைப் பார்த்து முதலாளி தலையாட்டினார்.

மீடியம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊரில் உள்ள சாதாரண ஜனம் விடியற்காலையில் நடப்பதில்லை, சர்க்கரையை விடுவதில்லை. அவர்கள் இந்த பேண்ட்டை வாங்கினால் பட்டன் தெறித்துப் போகும். சரக்கு மொத்தமும் திரும்பி வரும். உண்மையைச் சொல்லலாம் என்றால் சூப்பர்வைசர் பதவி அன்றோடு போயிற்று. மறுநாள் காலை ஒரு குளியல் துண்டை மடித்துத் தன் பழைய தொப்பை மாதிரியே வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். பேண்ட் இறுக்குகிறது, இன்னொரு தரம் பாருங்கள் என்று மாஸ்டரைக் கேட்டுக்கொண்டார்.

ஸ்டூலில் ஏறிக் கையைத் தூக்கினார். தொப்பை மெதுவாக நகர்ந்து வலது இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மாஸ்டர் சுண்ணக்கட்டியோடு அவரைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றி வந்தார்.

"ஒரு பக்கமா ஏத்தமா இருக்கே?"

"வயசாகுதுல்ல மாஸ்டர்," என்றார் மீடியம், சட்டத்தை மீறி.

உடம்போடு வாதம் செய்யக் கூடாது, துணிதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மாஸ்டரின் கொள்கை. பெருமூச்சு விட்டுக்கொண்டே வலது இடுப்பில் துணியைத் தாராளமாக விட்டார்.

வீட்டுக்குப் போனதும் மீடியம் மனைவியிடம் இனிமேல் இரண்டு பங்கு சமைக்கச் சொன்னார். உருளைக்கிழங்கு, முட்டை, வெண்ணெய், எது கிடைத்தாலும் சரி என்றார்.

"வளர்ச்சி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிருக்கேன்."

விழுந்து விழுந்து சாப்பிட்டார். ஆனால் தொப்பை ரோஷக்காரத் தொப்பை. ஒரு தடவை விரட்டப்பட்ட இடத்துக்கு அது திரும்புவதாக இல்லை. சாப்பிட்டதெல்லாம் கழுத்துக்கும் புஜத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் சட்டை சாம்பிளைப் போட்டபோது காலர் பட்டன் பூட்டவில்லை. மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. கேட்பதை அவர் நிறுத்தியிருந்தார். காலரைத் தளர்த்தினார், கையைத் தளர்த்தினார். நிமிர்ந்துபோன மார்புக்காக முன்பக்கத்தை நீட்டினார்.

அந்த மார்பையாவது பழையபடி உள்ளே தள்ளிவிடலாம் என்று பார்த்தார் மீடியம். ஆனால் எப்படிக் கூன் போடுவது என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. மச்சினனைக் கூப்பிட்டு உதவி கேட்டார். மச்சினனுடைய கண்கள் கலங்கிவிட்டன.

"மேலே போறதுக்குத்தான் மாமா நான் பயிற்சி எடுத்திருக்கேன். இறங்கி வர்றதுக்கு எந்தக் கூட்டத்துலயும் சொல்லித் தரலையே."

கண்ணாடி முன்னால் தானே முயன்றார். தோளைத் தொங்கவிட்டால் முழங்கால் மடங்கியது. முழங்காலைச் சரி செய்தால் தாடை நீண்டது. மனைவி கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க முன்னாடி இப்படி இருக்கலை."

"எப்படி இருந்தேன்? அதைச் சொல்லு. அது போதும்."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"எனக்கும் ஞாபகம் வரலைங்க," என்றாள்.

பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவர் யாராவது ஒருவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தார். கல்யாணப் போட்டோவில்கூட மாமனாரின் தோள் குறுக்கே வந்திருந்தது. மீடியம் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஒழிந்தால் போதும் என்றுதான் அத்தனை பாடுபட்டார். இப்போது ஆள் ஒழிந்துவிட்டார். அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சி இல்லை. மாஸ்டரிடம் அட்டைகூட இல்லை. அவர் உடம்பில் குடிவந்த புது ஆளோ எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவர். மனைவி விளக்கைப் போட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

துணி வெட்டியாயிற்று. துண்டு வீங்கிய இடுப்பு, முட்டை ஏறிய கழுத்து, மச்சினன் நிமிர்த்திய மார்பு என்று எல்லாக் கோளாறும் சேர்ந்த உடுப்புகள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறின. லாரி கேட்டைத் தாண்டியபோது மீடியம் எழுந்து நின்றார். அவரைக் கேட்டால் அது லாரி இல்லை, தன்னுடைய பாடை என்று சொல்லியிருப்பார்.

பிறகு காத்திருப்பு. டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் அவருடைய பேனா வேறு வரிசைக்குத் தாவியது. கடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. திட்டிக்கூட யாரும் பேசவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. வருஷக் கடைசியும் வந்தது. முதலாளி கூப்பிட்டனுப்பினார். மாஸ்டரும் அங்கே உட்கார்ந்திருந்தார். முதலாளியின் முகம் ஏதோ தயவாக இருந்தது. ரொம்ப நாளாக உழைக்கிறாய், பேக்கிங் பிரிவைப் பற்றித்தான் பேசக் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்தார்.

அந்தத் தயவை மீடியத்தால் தாங்க முடியவில்லை. மனதில் இருந்தது கொட்டிவிட்டது.

"ஐயா, தப்பு டேப்புல இல்லைங்க. என்கிட்ட. நான் என்னைக் கொஞ்சம் முன்னேத்திக்கிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

மீடியம் எல்லாவற்றையும் சொன்னார். நடையைச் சொன்னார், சர்க்கரையைச் சொன்னார், துண்டைச் சொன்னார். போன லோடு முழுவதும் மனிதப் பிறவிக்கே பொருந்தாத அளவில் போயிருக்கிறது என்றார்.

"சாதாரண ஆளாவே இருந்துட்டுப் போகப் பிடிக்கலைங்க," என்று முடித்தார்.

"சாதாரண ஆளா இருக்கறதுக்குத்தானய்யா உனக்குச் சம்பளம்?"

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "சொல்லியிருந்தா உங்களை ஒரு தடவை அட்டையில வரைஞ்சு வெச்சிருப்பேனே," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மீடியத்துக்கு.

முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சூப்பர்வைசர் பேச்சு இத்தோடு முடிந்தது, கணக்கரையும் வேறு பார்த்துக்கொள்கிறேன், மேஜையைக் காலி செய்துகொண்டு கிளம்பலாம் என்றார். கத்தவில்லை. மீடியம் தலையாட்டினார். காலர் இறுக்கியது.

கதவைத் தட்டிக்கொண்டு வாட்ச்மேன் உள்ளே வந்தார். பெரிய கடையிலிருந்து சட்டை அளவு விஷயமாக ஒருவர் வந்திருக்கிறார் என்றார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, வரச் சொல் என்றார்.

வந்தவர் ஒல்லியான மனிதர். கையில் பை; பையிலிருந்து கத்தரிக்கோலின் பிடி எட்டிப் பார்த்தது. தான் கடையின் ஆள் இல்லை என்றும், கடை வாசலில் மிஷின் போட்டு, வாங்குகிறவர்களுக்கு உடுப்பைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிற டெய்லர் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சொல்லுங்க. போன லோடுல எத்தனை உருப்படியைப் பிரிச்சுத் தைக்கணும்?" என்றார் முதலாளி.

"ஒண்ணுகூட இல்லைங்க ஐயா."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். டெய்லர் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இத்தனை வருஷமா உங்க சரக்குல பிரிச்சுத் தைக்காம ஒண்ணுகூட ஒருத்தருக்கும் சேர்ந்தது கிடையாது, அதை வெச்சுத்தான் என் குடும்பம் ஓடுச்சு, இங்க ஆளை நிறுத்தித்தான் அளவெடுக்கறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு, முன்னாடி உங்களுக்கு அளவுக்கு நின்னாரே ஒரு மகராசன், அவரையே திரும்ப நிறுத்துங்கய்யா, அந்த மாதிரி உடம்பு இந்த உலகத்துல வேற யாருக்குமே கிடையாது. இப்ப நிக்கிறவரு எல்லாரையும் மாதிரி இருக்காரு."