புதூருக்குப் போன தூதர்

ஒத்துக்கொள்கிறேன். சர்வதேசச் சட்டத்தில் காலேஜிலேயே முதல் மார்க் வாங்கிய நான்தான், அதே மாதத்தில் என் அக்காவின் வாழ்க்கையைக் கோழிக்குழம்பில் தொலைத்தவன்.

ஸ்டெல்லா அக்கா அப்போது புதூரில் புருஷன் வீட்டில் கோபித்துக்கொண்டு கோவில்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அவள் மில் வேலையை மாமனார் நிறுத்திவிட்டார். மறுபடி வேலைக்குப் போகவேண்டும், கோவில்பட்டியிலேயே தனிக்குடித்தனம் வைக்கவேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தால் வருவேன் என்றாள். இதெல்லாம் போனில் பேசுகிற காரியமில்லை. அப்பா போனால் கைகலப்பாகும். வக்கீலுக்குப் படிக்கிறவன் என்று என்னைப் புதூருக்குப் பஸ் ஏற்றினார்கள்.

“பேச்சு முடியாம அங்கன கை நனைச்சிராதலே” என்றார் அப்பா. வழக்கு உள்ள வீட்டில் சாப்பிட்டால், வழக்கு தீர்ந்தது, பெண்ணை அனுப்பச் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

பஸ்ஸில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே போனேன். தூதரை அந்நிய நாட்டுச் சட்டம் ஏன் தொடக்கூடாது? மூன்று கோட்பாடுகள். அவர் அனுப்பியவரின் பிரதிநிதி, அவரை அவமதித்தால் ராஜாவையே அவமதித்த மாதிரி என்பது ஒன்று. வேலை நடக்கத் தேவையான அளவுக்குப் பாதுகாப்பு என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: தூதர் எங்கே உட்கார்ந்தாலும் சொந்த நாட்டு மண்ணில் இருப்பதாகவே கணக்கு. (இதைக் கைவிட்டு ரொம்ப காலமாகிறது என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்ததாம். பஸ் போட்ட ஆட்டத்தில் நான் அடுத்த பக்கம் போகவில்லை.)

அக்காவின் மாமனார் மரியாதையாக வரவேற்றார். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. உள்ளே நாட்டுக்கோழி கொதிக்கிற வாசம். யோசித்தேன். நான் உட்கார்ந்திருக்கும் பாய் சட்டப்படி கோவில்பட்டி. நம் வீட்டில் நாம் சாப்பிட யார் என்ன சொல்வது? மூன்று தடவை சோறு வாங்கினேன்.

கை கழுவிவிட்டுத் தொண்டையைச் செருமினேன். மாமனார் எழுந்துவிட்டார்.

“அதான் கை நனைச்சாச்சே தம்பி. ஞாயித்துக்கிழம பிள்ளையக் கூட்ட வாரோம்.”

பதறிப்போய் மண் கோட்பாட்டை விளக்கினேன். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, நான் அப்பாவின் பிரதிநிதி என்றேன்.

“அப்ப, சாப்பிட்டது உங்கப்பாதான?” என்றார் மாமனார். (மனுஷன் எந்தக் காலேஜில் படித்தாரோ.) பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. தான் அனுப்பிய ஆளே சாப்பிட்டுவிட்டு வந்தபிறகு எந்த வாயால் பேச என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. அக்கா மில் யூனிஃபார்மை மடித்து பீரோவில் வைத்துவிட்டு ஏறினாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. தூதனுக்கு ஒரு கீறலும் இல்லை. பட்டதெல்லாம் அனுப்பியவள்தான்.

இப்போது நான் வக்கீல். அக்கா புதூரில் ஆடு மேய்க்கிறாள். எந்த விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “வக்கீலே, இன்னைக்கு யாரு சார்பா சாப்பிடுதீய?” பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன கிறிஸ்துமஸில் அக்காதான் பரிமாறினாள். அவளும் சிரித்தாள். பிறகு குனிந்து, குழம்பை ஊற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

“ஏலே, நான் சொல்லிவிட்ட ரெண்டையும் அன்னைக்கு அவியகிட்ட சொன்னதானே?”

ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

“சொன்னேன்க்கா, அவியதான் ஒத்துக்கிடல” என்றேன்.