டூஊஊம் இல்லாமல் புலி வராது

ஒரு காட்டில், வெகு காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை, போன வருஷம் பங்குனியில்தான், சடையாண்டி என்று ஒரு கருமுகக் குரங்கு இருந்தான். அவனுக்கு ஓர் உத்தியோகம் உண்டு. நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும். புதருக்குள் புலி தெரிந்தால் "கெக்" என்று ஒரு சத்தம் போட வேண்டும். கீழே மேய்கிற புள்ளிமான்கள் அதைக் கேட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். பதிலுக்கு, தரையில் சிறுத்தை வாடை அடித்தால் மான்கள் அவனுக்குச் சொல்லும். அவன் தின்றது போக உதிர்க்கும் இலைகளையும் அவைதான் தின்னும். எழுத்தில் ஒன்றும் இல்லாத ஏற்பாடு. அதனாலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அந்த மான் கூட்டத்தில் செவ்வந்தி என்று ஒருத்தி. குட்டியாக இருந்தபோது அவளைப் புலியின் வாயிலிருந்து காப்பாற்றியது சடையாண்டியின் கெக்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டால் அதன்மேல் நமக்கு ஏதோ உரிமை வந்த மாதிரி ஒரு பிரியம் ஒட்டிக்கொள்கிறது. அவள் நல்லபடியாக உயிரோடு இருக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

இப்படி இருக்கையில், காட்டோரத்து விடுதிக்காரர் ஒருவர், ஜீப் சவாரிக்கு வருகிறவர்கள் காத்திருப்பதற்காக ஒரு கொட்டகை போட்டு, அதில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில் சண்டைப் படங்களின் ட்ரெய்லர் மட்டும்தான் ஓடும். முழுப் படம் போட்டால் ஜீப் வந்தாலும் ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்களே என்று அவருக்குக் கவலை. மான்கள் வேலியோரம் நின்று பார்க்க ஆரம்பித்தன.

முதலில் அமைதி. அப்புறம் கடிகாரம், டிக், டிக். அப்புறம் யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். அப்புறம் "டூஊஊம்". ஹீரோ கழுத்தைத் திருப்பினால் டூஊஊம். கண்ணாடியைக் கழற்றினால் டூஊஊம். பாவம், காபி டம்ளரை மேஜையில் வைத்தாலும் டூஊஊம். வில்லன் அரிவாளை ஓங்குவான், வெட்டு விழப்போகிற நேரத்தில் திரை கறுத்துவிடும், படத்தின் பெயர் வரும். அரிவாள் ஓங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்று எந்த மானைக் கேட்டாலும், பெயர் வரும் என்றுதான் சொல்லும். அதற்கு மேல் அவை பார்த்ததில்லை.

ஒரு நாள் புலி வந்தது. சடையாண்டி கெக் என்றான். பாதி மான்கள் ஓடின. மீதிப் பாதி அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தன. அன்றைக்குப் புலிக்குக் குறி தப்பியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் மான்கள் நலச் சங்கத் தலைவர் கொம்பையா மரத்தடிக்கு வந்தார்.

"என்னவே சடையாண்டி, நேத்து ஒரு சத்தம் போட்டீரே, அது என்னது?"

"புலி வந்துச்சு தலைவரே. கெக்குன்னேன்."

"அதுல நெஞ்சு அதிர ஒரு பேஸ் உண்டா, ஒரு பில்டப் உண்டா? இருமுத மாதிரி இருக்கு. கேட்டா ஓடணும்னே தோண மாட்டேங்கு."

"இத்தன நாளா அதைக் கேட்டுத்தான ஓடுனீங்க?"

"அப்ப எங்களுக்கு வெவரம் பத்தாது. இப்பப் பிள்ளைக உலகத்தைப் பாத்துட்டுக." கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உம்ம எடத்துக்கு மைனா ஒண்ணு விண்ணப்பம் போட்டிருக்கு. டிவியில வார சத்தத்த அப்படியே எடுக்கு. பத்து நாள் தாரேன். மாத்திக்கிடும்."

புலியின் மீசை தெரிந்தாலே முதலில் பறந்துவிடுவது மைனாதான் என்று சடையாண்டிக்குத் தெரியும். செவ்வந்தியை நினைத்துக்கொண்டான். மானம் ரோஷம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினான்.

வற்றிய ஓடையில் யாரோ போட்டுவிட்டுப் போன காலித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடந்தது. அதை உருட்டி வந்து மரத்தடியில் கவிழ்த்தான். கிளையிலிருந்து ஒரு மரக்கட்டையை அதன்மேல் போட்டால் டூஊஊம். மூங்கில் கழியைச் சுழற்றினால் வூஷ். இரண்டு கூழாங்கல் போதும், டிக் டிக். தொட்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள் தலையை விட்டுப் பேசினால் கிணற்றுக் குரல். தலை உள்ளே இருக்கும்போது புலி எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாது. அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் புலி வந்தது. அதன் பெயர் உக்கிரபாண்டி. சடையாண்டி கூழாங்கல்லைத் தட்டினான். தொட்டிக்குள் தலையை விட்டு, "ஒரு காடு. ஒரு பசி," என்றான். மூங்கிலைச் சுழற்றினான். கட்டையைப் போட்டான். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம். ஒரு மானும் ஓடவில்லை. மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்று பார்த்தன. உக்கிரபாண்டியே ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகு நிதானமாக நடந்து வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான்.

"பேரு போடலையே," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சடையாண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. "உக்கிரபாண்டி," என்று தொட்டிக்குள் கத்தினான். கூட்டம் குளம்பால் தரையைத் தட்டித் தீர்த்துவிட்டது.

மாதம் இரண்டு மான் போய்க்கொண்டிருந்த இடத்தில் அந்த மாதம் ஒன்பது போயிற்று. சடையாண்டி பதறிப்போய்த் தலைவரிடம் ஓடினான். "வருத்தந்தான்வே," என்றார் கொம்பையா. "ஆனா இதைப் பாக்கன்னு மேக்காட்டுலருந்து நாப்பது மான் வந்து சேந்துருக்கே. கூட்டம் வளந்துருக்குன்னுதான அர்த்தம்?"

உக்கிரபாண்டியும் மாறிவிட்டான். முன்பெல்லாம் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வருவான், அப்படியும் பல நாள் பட்டினி. இப்போது புதருக்குப் பின்னால் நின்று மீசையை நக்கிச் சரிசெய்துகொண்டு, டூஊஊம் கேட்ட பிறகுதான் வெளியே வருவான். அதுவும் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டு. ஒரு நாள் கட்டை குறி தவறி மண்ணில் விழுந்து சத்தம் வராமல் போனபோது, பாதி வந்தவன் திரும்பிப் புதருக்குள் போய் நின்றுகொண்டான். மான்கள் அவனை "அவர்" என்று பேச ஆரம்பித்திருந்தன.

செவ்வந்தி முதலில் பின்வரிசையில் நின்றாள். நாளாக நாளாக முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

"முன்னால நிக்காத தாயி," என்று சடையாண்டி கெஞ்சினான்.

"பின்னால நின்னா டூஊஊம் நெஞ்சுல வந்து அடிக்க மாட்டேங்கு அண்ணாச்சி."

"அது புலி."

"தெரியும். எவ்வளவு நல்லாப் பண்ணுதாரு."

அன்றைக்குச் சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது இலை இறங்கவில்லை. யோசித்தான். சத்தம் வராவிட்டால் அந்தத் தடியன் வர மாட்டான். அப்படியானால் சத்தம் போடாமல் இருந்தால் போதுமே. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் அலைமோதியது. முன்வரிசை நடுவில் கொம்பையா, அவரை ஒட்டிச் செவ்வந்தி. உக்கிரபாண்டி புதருக்குள் தயாராகிவிட்டான். சடையாண்டி கைகளைக் கட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தான்.

நேரம் போயிற்று. புதருக்குள்ளிருந்து மரியாதையாக ஓர் இருமல் வந்தது.

"போடும்வே," என்றார் கொம்பையா.

"போட மாட்டேன். போடாட்டி அவன் வர மாட்டான். அவன் வரலன்னா இன்னைக்கு ஒருத்தரும் சாக மாட்டீங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

மான்கள் யோசித்தன. நியாயமாகச் சொல்ல வேண்டும், உண்மையாகவே யோசித்தன. அவன் சொல்வது சரி என்று எல்லாவற்றுக்கும் புரிந்தது. பிறகு கொம்பையா வலது முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். பக்கத்து மான் அடித்தது. அதன் பக்கத்து மான் அடித்தது. கொஞ்ச நேரத்தில் காடே அதிர்ந்தது. தொட்டிச் சத்தமெல்லாம் இதன் முன்னால் நிற்க முடியாது. இத்தனை அன்பை எதிர்பார்க்காத உக்கிரபாண்டி கண் கலங்கிப்போய், தலையை மெல்லத் திருப்பிக்கொண்டு வெளியே வந்து, பாய்ந்தான்.

சடையாண்டிக்குப் புதுத் தொழில் மறந்துவிட்டது. "கெக்," என்று அலறினான்.

யாரும் அசையவில்லை. செவ்வந்தியின் கால்கள் மட்டும், அவளைக் கேட்காமலே, பக்கவாட்டில் துள்ளின. அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போன புலி கொம்பையாவின் மேல் விழுந்தது.

மறுநாளே சங்கத்தில் விசாரணை. உரிய நேரத்தில் ஒலி தராமல் பார்வையாளர்களைக் காக்க வைத்தது ஒரு குற்றம். உச்சக்கட்டக் காட்சியில் அனுமதி இல்லாத ஒலியை எழுப்பியது இன்னொரு குற்றம். சடையாண்டிக்கு வேலை போய், மைனாவுக்கு வந்தது. மரத்தடி ஈர மண்ணில் எல்லா மான்களும் குளம்பு பதித்துக் கொடுத்த தீர்மானத்தை அவனுக்குக் காட்டுவதற்குச் செவ்வந்திதான் வந்தாள்.

"நீயும் வச்சியா?" என்றான்.

"எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன். இந்தா, இதுதான் என்னுது." காலால் தொட்டுக் காட்டினாள். "நல்ல எடத்துல வந்து கெக்குன்னுட்டீரே அண்ணாச்சி. நான் பதறித் துள்ளுனதை மேக்காட்டு மானெல்லாம் பாத்துட்டு."

"உயிரோட இருக்கியே தாயி."

"இருக்கேன்," என்றாள் செவ்வந்தி, அலுத்துக்கொண்டு. "இருந்து? வெளிய தலைகாட்ட முடியல."

சாயங்காலக் காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று அவள் கிளம்பிப் போனாள். நாலு காலும் நல்லபடியாக நடந்து போவதைச் சடையாண்டி பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மணி நாலரை. காட்சி ஐந்துக்கு.

நீதி: உயிரைக் காப்பாற்ற வருகிறவர்கள் முதலில் தங்கள் சத்தத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மட்டமான ஒலியில் பிழைத்துக் கிடப்பதைவிட, தரமான ஒலியில் போய்ச் சேருவதே மானுக்கு அழகு.