நீ அனுப்பிய மிட்டாய் டப்பா விஷயமாக

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கு நானும் உன் அக்காவும் உன் மருமகளான என் மகளும் நலம். என் மானம் மட்டும் சற்றுச் சுகவீனமாக உள்ளது. அதற்குக் காரணம் நீ அன்புடன் அனுப்பிய சாக்லேட் பூசிய, பஞ்சு போல மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் டப்பா என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன்.

உன் மருமகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வந்த இடமெல்லாம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். யார் வந்தாலும் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏம்மா ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்றால், "என்கிட்ட யாரு அத்தா பேசினாங்க, உங்ககிட்டதானே பேசுறாங்க" என்பாள். இந்தத் தடவையாவது நல்லபடியா முடியணுமேன்னு எனக்கு ஒரு வாரமா தூக்கமில்லை. உன் அக்கா உன் டப்பாவை உடைச்சு, இருக்கிறதிலேயே நல்ல தட்டுல அடுக்கி, டீயோட கொண்டுவந்து வச்சா. மாப்பிள்ளையோட அம்மா ரிட்டயர்டான தலைமையாசிரியை. அந்தம்மா ஒண்ணைக் கையில எடுத்து, அமுக்கிப் பார்த்து, திரும்பத் தட்டுலயே வச்சுட்டு, "டப்பா இருக்கா?"ன்னு கேட்டாங்க. கண்ணாடி மாட்டி வரிவரியா படிச்சாங்க. பரீட்சை எழுதின பையன் மாதிரி நான் எதிர்ல நிக்கிறேன். "ஜெலட்டின் போட்டிருக்கே, எதுலேர்ந்து எடுத்ததாம்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சோளத்துலேர்ந்து"ன்னு அடிச்சு விட்டேன். உள்ளேயிருந்து உன் மருமக குரல் வருது: "அத்தா, சோளத்துல ஜெலட்டின் வராது. அது எலும்புலயும் தோல்லயும் வர்றது. மாட்டுதா, மீனுதா, நமக்கு ஆகாத பன்னிதா எதுன்னு டப்பால போடலை. எங்களுக்குத் தெரியாதுங்க, விசாரிச்சுச் சொல்றோம்." மருந்துக்கடைல வேலை பாக்குறவ, கேப்சூல் மாத்திரைக் கூடெல்லாம் அதுலதானே பண்றாங்க. போச்சு, இந்த இடமும் தட்டிப்போச்சுன்னு நினைச்சேன். ஆனா அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற பிள்ளையைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு"ன்னாங்க.

அதோட விட்டாளா உன் அக்கா? பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போட்டு, எல்லார் காதுலயும் விழுற மாதிரி ஸ்பீக்கர்ல வச்சுட்டா. அவர், "சந்தேகமா இருந்தா ஒதுக்கி வச்சுட்டு விசாரிங்க. யாரும் சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்க்குறாங்க. வர்றவங்களுக்கு வைக்கிற பண்டமாச்சே, நல்லா இருக்கான்னு சோதிச்சேன்னு சொன்னேன். "எத்தனை சோதிச்சீங்க?" சோதனை கொஞ்சம் நீண்டு போச்சுங்கன்னேன். "தெரியாம சாப்பிட்டதை அல்லாஹ் மன்னிப்பான். இனிமே நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னுட்டார்.

அதுவரைக்கும் வாயே திறக்காத மாப்பிள்ளை டப்பாவை வாங்கி, அதுல இருந்த கம்பெனி நம்பருக்குப் போன் போட்டாரு. ஜன்னல் பக்கம்தான் சிக்னல். அந்தப் பக்கம் பாட்டு ஓடுது, ஓடுது, ஆள் வரலை. உன் மருமக தானா உள்ளேயிருந்து ஜன்னல் பக்கம் வந்து, "மேல பூச்சுக்கு என்ன போடுறாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க"ன்னா. பாட்டு முடியறதுக்குள்ள அவரு என்ன சொன்னாரோ, இவ சிரிச்சா மச்சான். நம்ம வீட்டுல அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, டீ சூடுன்னு சமாளிச்சேன். டீ எப்பவோ ஆறிப்போச்சு.

கடைசியில கம்பெனிக்காரி, எழுதிக் கேளுங்க, பதில் அனுப்புறோம்னு சொல்லிட்டா. அன்னிலேர்ந்து ரெண்டு பேரும் தினம் போன்ல விசாரணை. அவங்க வீட்டுல சம்மதம். இவகிட்ட கேட்டா, "முதல்ல டப்பா விஷயம் தெளிவாகட்டும் அத்தா"ங்குறா. ஒரு மிட்டாய்ல இவ வாழ்க்கை தொங்கணுமா? ஆகையால் மச்சான், இக்கடிதம் கண்டவுடன் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு, நீ வாங்கிய கடைக்கே நேரில் சென்று, அந்த ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்டு உடனே தெரிவிக்கவும்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க துஆ செய்யும்,
உன் அன்பு மச்சான்.

பி.கு.: கடை விலாசம் இருந்தா உனக்கு எழுதலாமேன்னு உன் மருமக மேசையில இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அடியில ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கொஞ்சம் தூக்கினா, அதுக்குக் கீழே ஹலால் முத்திரை, பளிச்சுன்னு இருக்கு. கடைக்காரன் அது மேலயே சீட்டை ஒட்டியிருக்கான். ஓடிப்போய் மககிட்ட சொல்லலாம்னு எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துட்டேன். அந்தச் சீட்டை எனக்கு முன்னாடியே யாரோ உரிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டியிருக்காங்க. ஒட்டியிருக்கிறது காயத்துக்குப் போடுற மருந்துக்கடை டேப்பு. நானும் பழையபடியே அழுத்தி ஒட்டி, டப்பாவை அவ மேசையிலயே வச்சுட்டேன். நீ கல்யாணத்துக்கு லீவு சொல்லி வை. கடைப்பக்கம் மட்டும் போயிடாதே.