தண்ணீருக்கு வந்த புற்றுநோய்

வெயிலை எவனாவது புட்டியில் அடைத்து விற்பானா? விற்றான். அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினோம். வரிசை தெருமுனை வரை நின்றது, நட்ட நடு வெயிலில். தலைமேல் சும்மா கொட்டுகிற வெயிலைத் துண்டால் மறைத்துக்கொண்டு, புட்டி வெயிலுக்காக நின்றோம். மூட்டை தூக்கித் தூக்கி என் முதுகோடு மூளையும் வளைந்துவிட்டது போலும். நானும் நின்றேன்.

விற்றவருக்கு வெயில் டாக்டர் என்று பெயர். வைட்டமின் டி என்பார், செல் என்பார். "செல்லுக்குள்ள தப்பான சிக்னல் ஓடுது. அதான் கேன்சர். என் சொட்டு உள்ள போயி அந்த சிக்னலை அணைச்சிடும்!"

மேசைமேல் ஒரு பெட்டி. அதில் தைத்த கறுப்புத் துணிப்பைக்குள் கையை விட்டால் சிவப்பு விளக்கு எரியும். நாக்கில் பத்துச் சொட்டு விட்டால் பச்சை.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. சதை எடுத்துச் சோதிக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். போகவிடாமல் தடுத்த புத்திசாலி நான்தான்.

"கத்தி வெச்சா பரவிடுமாம். சொட்டே போதும்னு டாக்டர் சொல்றாரு."

"எந்த டாக்டரு? நர்சம்மாவக் கேட்டேன். வைட்டமின் டி செல்லுக்குச் சேதி சொல்றது நிஜந்தானாம், ஆராய்ச்சி நடக்குதாம். ஆனா கட்டியக் கரைக்கும்னு எவனும் நிரூபிக்கலையாம்."

"ஒருதரம் வந்துதான் பாரேன்."

"வர்றேன். ஆனா என் பழக்கம் தெரியுமில்ல? சோதிக்காம எதையும் விடமாட்டேன்."

அவளுக்கு ரப்பர் கையுறை ஆலையில் வேலை. உறைக்குள் தண்ணீர் நிரப்பி, வாயைக் கட்டித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது.

மறுநாள் ஆலைக் கோட்டோடு வந்து பெட்டிமுன் உட்கார்ந்தாள். சன்னல் அடைத்த அறை. நீளமான கோட்டுக்கையின் நுனியில் நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பைக்குள் விட்டாள். சிவப்பு!

"ஐயோ, முத்திப்போச்சேம்மா! ஆறு புட்டியாவது வேணும்." பத்துச் சொட்டு விட்டார். பச்சை! வரிசை கைதட்டியது.

"அப்ப இந்தக் கைக்கு இனி பயமில்லையா டாக்டர்?"

"பூரண குணம்மா!"

வெளியே இழுத்தாள். தண்ணீர் நிரப்பிய கையுறை. அவள் சொந்தக் கை கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க! தண்ணிக்குக் கேன்சர் வந்துச்சு, பத்துச் சொட்டுல சரியும் ஆயிடுச்சு!"

யாரோ மேசைவிரிப்பைத் தூக்கினார்கள். டாக்டரின் வலது கால் ஒரு பொத்தான்மேல் இருந்தது. அப்புறம் அந்தக் கால் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணே, வாங்கின புட்டியக் குடிச்சுத் தீத்துடலாமா?" என்றான் எனக்குப் பின்னால் நின்றவன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூட வர்றீங்களா, இல்ல இங்கயே நாக்க நீட்டிக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

போனோம்.

கையுறையைக்கூடத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் விற்கிறார்கள். உயிரை ஒப்படைக்கிற இடத்தில் பார்க்க வேண்டாமா, ஐயா?