தாளம் தின்ற மாப்பிள்ளை

வீடியோ பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவனைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் கிடையாது. அவனுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி தெரியாது என்பது தெரியாது. நான் அந்த ரகம். எங்கள் வீட்டு மிக்ஸி ஓடாமல் நின்றதும், குளியலறைக் குழாய் நிற்காமல் ஓடியதும் என் கைவண்ணம்தான். அதையெல்லாம் ஆள் வந்து சரிசெய்துவிட்டார்கள். இதைத்தான் யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

என் மனைவி கௌரி ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். சாயங்காலம் பஸ்ஸில் போய் வருவாள். ஆட்டத்துக்கான பாட்டெல்லாம் அவள் போனில் இருந்தன. அவளுடைய அக்கா பத்மா நட்டுவாங்கம் செய்து, மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் பதிவுசெய்தவை. பித்தளைத் தாளத்தைத் தட்டிக்கொண்டே ஜதி சொல்வது பத்மாதான். பிள்ளைகள் கால் வைப்பது அந்தத் தாளத்துக்குத்தான். மறுவருஷமே பத்மா காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

வகுப்பின் முதல் மேடை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கௌரி போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, மெமரி ஃபுல்லுன்னு வருது. நாளைக்குப் பிள்ளைக ஆடுறத வீடியோ எடுக்கணும். வேண்டாத போட்டோவ மட்டும் அழிச்சுக் குடுங்க."

கேட்டது போட்டோவை அழிக்க. (இந்த வரியை எங்கள் வீட்டில் இன்றும் அழுத்திச் சொல்வார்கள்.) போட்டோவை எவனும் அழிப்பான், அதற்கு நான் எதற்கு? பாட்டு ஒவ்வொன்றும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தரம் துளியும் குறையாமல் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம் என்று ஒரு வீடியோவில் ஒரு தம்பி சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். பாட்டுகளை லேப்டாப்புக்கு ஏற்றினேன். எந்த அளவுக்குச் சுருக்க என்று கன்வர்ட்டர் கேட்டது. இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தட்டினேன். சுருக்குவது என்று இறங்கியாச்சு, அதில் என்ன கஞ்சத்தனம்?

அதற்காக நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அழிக்கும் முன் சோதிக்க வேண்டுமே! என் காதை நானே நம்புவதில்லை. கௌரியோ தைக்கக் கொடுத்த உடுப்புகளை வாங்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது எங்களோடு வசிக்கும் என் மாமனார், ஸ்பின்னிங் மில்லில் ஓய்வுபெற்றவர். பாட்டென்றால் உயிர். கண்ணை மூடித் தொடையில் தட்ட ஆரம்பித்தால் கச்சேரிக்காரன் தோற்றான். முதலில் பெரிய ஃபைலை, பிறகு சின்னதை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன்.

"மாமா, ரெண்டுக்கும் எதாச்சும் வித்தியாசம் தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல மாப்ளே. கிளீனா இருக்கு. எம்புட்டு அருமையா வாசிக்கான் மிருதங்கத்த!"

போதாதா? சின்ன ஃபைல்களைப் போனில் ஏற்றிவிட்டு, பெரிய ஃபைல்களைப் போனிலும் லேப்டாப்பிலும் அழித்தேன். லேப்டாப்பின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பாட்டுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. "கலக்கிட்டீங்க" என்றாள் கௌரி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசியும் அதுதான்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம். மைக்செட்காரர் போனை வாங்கிச் சொருகினார். பாட்டு வந்தது. மிருதங்கம் வந்தது. தாளம் வரவில்லை. தாளம் வரவேண்டிய இடத்தில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு 'சொய்ங்'. பத்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. முதல் பிள்ளை வலது காலை வைத்தது. இரண்டாவது யோசித்தது. மூன்றாவது, இரண்டாவதைப் பார்த்தது. கடைசிப் பிள்ளை கூட்டத்தில் அம்மாவைத் தேடி அழ ஆரம்பித்தது. மண்டபத்திலேயே ரசித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் என் மாமனார்தான். தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மைக்செட்காரர் கையை விரித்தார். "அண்ணாச்சி, எஞ்செட்டுல கோளாறு இல்ல. உங்க பாட்டுதான் நொந்துபோயிருக்கு."

நானா அசருவேன்? "செத்த நேரம் பொறுங்க. சின்னதாக்குனதத் திரும்பப் பெரிசாக்கிட்டாப் போச்சு!" என்று மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை விரித்தேன். ஃபைல் பழைய அளவுக்கு வீங்கி வந்தது. வெற்றி! போடச் சொன்னேன். அதே தோசைக்கல், அதே தண்ணீர்.

கௌரி மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"பழசு எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

தலையாட்டினேன்.

"அக்கா தாளம் அது ஒண்ணுலதானங்க இருந்துச்சு."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மேடையோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தட்டுக்கழியால் பலகையில் தட்டித் தானே ஜதி சொல்லித் தானே பாடினாள். பிள்ளைகள் கால் ஒழுங்குக்கு வந்தது. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கைதட்டினார்கள். நான் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாவி, என்ன வேலை செய்துவிட்டாய் என்று மனசு அடித்துக்கொண்டது. (பிறகு ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை பாக்கி வைக்காமல் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் உதட்டைப் பிதுக்கினார்கள். மதுரை ஸ்டூடியோவிலும் அந்தப் பழைய பதிவை வைத்திருக்கவில்லை.)

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாளம் போயிருச்சாமே மாப்ளே? நான் நல்லாருக்குன்னுல்லா சொன்னேன்?"

"உங்களுக்குத் தாளம் கேட்டுச்சா மாமா?"

"இல்லயே. மில்லு எரைச்சல்ல அந்தச் சன்னச் சத்தமெல்லாம் எனக்குக் கேக்காமப் போயி ரொம்ப வருசமாச்சு. பெரிசுலயும் கேக்கல, சின்னதுலயும் கேக்கல. அதான் ஒண்ணு போல இருக்குன்னேன். பத்மா தாளம் போடுதப்போ அவ கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."



இப்போதும் சொந்தத்தில் யார் போனையாவது நீட்டி இடமில்லை என்றால் போதும், "எங்க வீட்டுக்காரர்ட்ட குடுங்க, பத்துல ஒண்ணாக்கித் தருவாக. சத்தம் மட்டும் வராது" என்பாள் கௌரி. டம்ளரில் காப்பி குறைந்தால், "மாப்ள கன்வர்ட் பண்ணிட்டாரோ?" என்று யாராவது கேட்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய? ஆனால் ஒவ்வொரு தடவையும் மாமனார் கையைத் தூக்கி, "கிளீனா இருக்குன்னு சொன்னது நாந்தான்" என்பார். சிரிப்பு அதோடு நின்றுவிடும். கௌரி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.