வாங்க என்று சொல்லாத வீடு

பசுந்தாங் பேட்டையில் இரவல் வெல்டிங் மெஷினோடு இரும்புக் கதவுப் பட்டறை தொடங்கியவன் நான். ஓடைக்கு அக்கரையில், தாகேதா பேட்டையில் மாடி வீடு கட்டினேன். தெருவே மூழ்கிய மழையில் என் வாசல்படி நனையவில்லை. படிப்பு நாலாம் வகுப்பு. யாரையும் நம்பாததால்தான் இத்தனையும் கட்ட முடிந்தது. (நம்பியிருந்தால் மெஷின் இன்னும் இரவல்தான்.)

அப்படிப்பட்டவனைச் சின்ன மகள் செல்விக்கு வரன் பேசிய வீட்டில் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். செல்விக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அப்பா தனபால், ரஷ்யாவில் படித்து வந்த வாத்தியார். முந்நூறு வருஷத்துக்கு முன்பு அந்த நாட்டு ராஜா பெரிய மனிதர்களை மாலையில் கூட்டிப் பொழுதுபோக்கச் சொன்னாராம். சீட்டாடலாம், நடனமாடலாம், சும்மாவும் இருக்கலாம். ஆனால் வருகிறவர்களை வீட்டுக்காரர் எழுந்து வரவேற்கக் கூடாது. விதியை மீறியவர் பெரிய கோப்பை ஒன்றை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். தனபால் தன் பிறந்தநாளை வருஷா வருஷம் அப்படித்தான் கொண்டாடுவார்.

செல்வி காரிலேயே எச்சரித்தாள். "அப்பா, அங்க யாரும் வாங்கன்னு சொல்லமாட்டாங்க. சும்மா வெளையாட்டு. சண்டை போட்றாதீங்க."

"வெளையாட்டாம். சம்பந்தம் வேணாம்னு சொல்ல வழி தேடுறான்."

உள்ளே போனால் தனபால் சதுரங்கப் பலகையிலிருந்து தலை தூக்கவில்லை. ஒரு கூட்டம் சீட்டில் மூழ்கியிருந்தது. ஒரு அம்மாள் இடுப்பில் கட்டிய லோஞ்சியைப் பிடித்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். நாற்காலி காட்ட ஆளில்லை. எத்தனை நேரம் பொறுப்பது?

"யோவ் தனபாலு, வாங்கன்னு சொன்னா வாயில முத்தா உதுந்துரும்? பொண்ணு புடிக்கலைன்னா நேரா சொல்லுய்யா."

சீட்டு நின்றது. செல்வி முகம் வெளுத்தது. தனபால் நிமிராமலே, "வரவேற்பு கேட்டதும் குத்தந்தான். கோப்பை," என்றார்.

வந்தது கோப்பையா, அண்டா. உள்ளே ரத்தச் சிவப்பில் ஏதோ.

"இதுல என்ன கலந்துருக்கு?"

"புளிச்சக்கீரைப் பூ சர்பத்து, மாமா," என்றான் மாப்பிள்ளைப் பையன்.

"அப்ப மொதல்ல நீ குடி."

முழுவதையும் குடித்தான். புரையேறி, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. செல்வி ஓடிப்போய், அத்தனை பேர் முன்னால் அவன் தலையைத் தட்டிவிட்டாள். அதைப் பார்த்த தனபால் தன்னை மறந்து எழுந்து, "வாங்க சம்பந்தி, உக்காருங்க," என்றார்.

அவருக்கும் ஒரு அண்டா வந்தது.

இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் என் மனைவி வாசலிலேயே, "மொதல்ல இவரை வாங்கன்னு சொல்லிருங்கப்பா," என்கிறாள். சிரித்துக்கொள்ளட்டும். (அந்தச் சர்பத்தில் என் சந்தேகம் இன்னும் தீரவில்லை.) ஆனால் தன் விருந்துதான் கல்யாணத்தை முடித்தது என்று தனபால் ஊரெல்லாம் சொல்கிறார். பையனைக் குடிக்க வைத்தது யார்? இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான் என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.